மெதுவான பாட்டு பிடித்தவள்

என் வயதுக்காரர்களான உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த பாட்டை வைத்து யாராவது உங்களை எடை போட்டிருக்கிறார்களா? இவள் இப்படித்தான் ஆவாள், இவன் இதற்குமேல் தேறமாட்டான் என்று முடிவு கட்டியிருக்கிறார்களா? என்னை அப்படி எடை போட்டவர் என் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கோபத்தோடு சொல்ல வரவில்லை. அந்த ஒரு பருவத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துதான் போகிறது.

அப்பாவுக்குக் காட்டிலாகாவில் கார்டு வேலை. அமிர்தியிலிருந்து மாற்றலாகி, ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊரில் இலாகா கொடுத்த இரண்டு அறை ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா, நான். பஸ் மேலே வராத காலம். மழை விட்ட மாதங்களில் சரக்கு லாரி மட்டும் எப்போதாவது ஏறும். ஏதாவது வேண்டுமென்றால் ஒடுகத்தூருக்கு இறங்கிப் போக வேண்டும். போவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் கெண்டைக்கால் கல்லாகிவிடும்.

அப்பா காட்டுக்குள் நடக்கும்போது விசில் அடித்துக்கொண்டே நடப்பார். கரடிக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும், திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் பாயும் என்பார். அந்த விசில் எப்போதும் அணிவகுப்பு நடைக்கு ஏற்ற மாதிரி வேகமாக, கத்தரித்தது போல இருக்கும். அவருக்குப் பாட்டென்றால் அதுதான். மனிதர்களையும் அப்படியே பிரித்து வைத்திருந்தார். "இன்னா பாட்டு கேக்குறான்னு சொல்லு, ஆள் எப்படின்னு நான் சொல்றேன்" என்பார். வேகமான பாட்டுக்காரன் வேலைக்காரன். பக்திப் பாட்டுக்காரன் நம்பலாம். இழுத்து இழுத்துப் பாடுகிறவனிடம் ஒரு பொறுப்பையும் கொடுக்கக் கூடாது.

ஒருமுறை எங்கள் இருவரையும் ஒடுகத்தூர் சந்தைக்குக் கூட்டிப்போனார். டீக்கடையில் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. துள்ளலான ஏதோ சினிமாப் பாட்டு. அக்கா வேர்க்கடலையைக் கொறித்தபடி காலால் தாளம் போட்டாள். நான் அங்கே நிற்கவில்லை. சந்தை முடிகிற இடத்தில் ஒருவர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், யாரும் கேட்க வேண்டுமென்ற எண்ணமே இல்லாதவர்போல் பாடிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்றுவிட்டேன். அப்பா தேடிக்கொண்டு வந்தபோது என் கன்னம் ஈரமாக இருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெரிசு சிப்பாய் மாதிரி. இது அழுமூஞ்சி" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். அப்போது அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான்.

தம்பி எட்டு மாதம் எங்களோடு இருந்தான். அவனுக்கு என் மடி பிடிக்கும். மடியில் போட்டுக்கொண்டால் ஒரு சின்னக் கேழ்வரகு மூட்டை கனம் கனப்பான். ஐப்பசி அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டோலி கட்டி நாலு பேர் தூக்கினார்கள். அம்மா தம்பியோடு டோலிக்குள், அப்பா கூடவே நடந்தார். ஓடையில் வெள்ளம். வடிகிற வரை இந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

திரும்பி வந்ததும் அப்பா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "அவனப் பத்தி இனிமே இந்த வூட்ல யாரும் பேச வேண்டாம். பேசினா தாங்காது." யாருக்குத் தாங்காது என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இப்போது யோசித்தால், அவர் தன்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா விடிந்ததிலிருந்து வேலை செய்தாள். வேலை இல்லாதபோது தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அக்கா முன்னைவிடச் சத்தமாகத் துள்ளல் பாட்டுகளைப் பாடினாள். "பாத்தியா, அவ எப்படித் தேறிட்டா" என்று அப்பா அம்மாவிடம் அக்காவைக் காட்டிச் சொல்வார். நான் சும்மா இருப்பேன். எனக்குப் பசியே எடுக்கவில்லை. களியை உருட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்பா என்னைக் கவலையோடு பார்ப்பார். வேடிக்கையாக வைத்த அழுமூஞ்சிப் பேர் அப்போது வேடிக்கையாக இல்லை.

தை கடைசியில் கடுக்காய் வந்துவிடும். மலையில் இருக்கிறவர்கள் காட்டில் பொறுக்கிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து களத்தில் கொட்டுவார்கள். காய்ந்ததும் மூட்டை பிடித்து, லாரி ஏற்றி, வாணியம்பாடி தோல் கிடங்குகளுக்குப் போகும். தோல் பதனிட அதுதான் வேண்டும். காய்ந்த கடுக்காயைக் கையால் அள்ளினால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் கேட்கும். நாக்கில் வைத்தால் வாயே சுருங்கிவிடும். களம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்த வருஷம் கடுக்காய்க் குத்தகை எடுத்தவர் வாணியம்பாடி சாயபு ஒருவர். வழக்கமாகக் காண்ட்ராக்டர்கள் தனியாக வந்து, ஆள் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி வருஷக்கணக்காக இருமல். மலைக்காற்று நல்லது, ரெண்டு மூணு மாதம் இருந்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளைகளை வாணியம்பாடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். களத்தை ஒட்டி ஒரு வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

லாரியிலிருந்து அந்த அம்மா இறங்கியபோது கையில் துணி மூட்டையோ சட்டி பானையோ இல்லை. கம்பளியில் சுற்றிய ஒரு பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டிருந்தார். அது ரேடியோ. பக்கத்தில் இருந்த பலா மரத்தில் ஆளை ஏற்றி ஏரியலுக்காகச் செம்புக் கம்பியைக் கட்டினார்கள். தனியாக ஒரு பெரிய பேட்டரி. அது தீர்ந்துபோனால் லாரியில் கீழே அனுப்பித்தான் மாற்ற வேண்டும். ஊரே களத்தைச் சுற்றி நின்றது. குமிழைத் திருகியதும் உடனே பாடாது. உள்ளே மெல்ல ஒரு வெளிச்சம் வரும், சூடேறிய தூசி வாசனை வரும், அப்புறம்தான் எங்கிருந்தோ கிளம்பி வருவதுபோல் சத்தம் வரும்.

ரெண்டு மூன்று நாளில் ஊருக்கு வேடிக்கை தீர்ந்துவிட்டது. அவரவருக்குப் புளி உலுக்குகிற வேலை. நான் மட்டும் மத்தியானத்தில் போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, "உள்ள வாம்மா, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?" என்றார். ஒல்லியான உருவம். முக்காட்டுக்குள் கண் எப்போதும் சிரிக்கும். தன்னைக் காலா என்று கூப்பிடச் சொன்னார். சின்னம்மா என்று அர்த்தமாம்.

அன்றைக்கு வந்த பாட்டு என்ன மொழி என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் குரல். மேலே போகவே இல்லை. கீழே இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்து, இன்னும் கீழே இறங்கியது. பின்னால் ஏதோ ஒரு தந்தி வாத்தியம் அவள் பேச்சுக்கு ஆமாம் போடுவதுபோல் நடுநடுவே ஒலித்தது. கேட்கக் கேட்க என் மடியில் அந்தக் கனம் தெரிந்தது. தம்பியை வைத்துக்கொண்டிருந்த அதே கனம். நான் அழுதேன். காலா எதுவும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு ரொட்டியில் சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். மாதக்கணக்கில் வராத பசி அன்றைக்கு வந்தது.

அதிலிருந்து தினமும் போனேன். காலா கேட்பது முக்கால்வாசி இந்த மாதிரி இழுவைப் பாட்டுகள்தான். ஆனால் அப்பாவின் கணக்கு அவரிடம் பொருந்தவே இல்லை. அவ்வளவு சிரிக்கிற பெண்மணியை நான் பார்த்ததில்லை. இருமல் வந்தால் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமுவார், நின்றதும் விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்வார். கோழி வீட்டுக்குள் வந்தாலும் சிரிப்பு, புருஷன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாலும் சிரிப்பு.

ஒருநாள் வீட்டில் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டே அந்தக் குரல் இறங்கிய இடத்தை நான் முனகியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அம்மாவின் கையிலிருந்த முறம் கீழே விழுந்து சாமை முழுக்கச் சிதறியது.

"நிறுத்துடி" என்றாள். குரல் அம்மாவுடையதாகவே இல்லை. "எங்க கத்துக்கின அத?"

சொன்னேன். சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா அவரிடம் சொன்னாள். அப்பா கோபக்காரர் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பேசினார்.

"அவரு குத்தகைக்காரரு. லாரியில இன்னா போவுதுன்னு பாக்குறது என் வேலை. நீ அவங்க வூட்ல போய் உக்காந்து தின்னுட்டு வந்தா, கார்ட விலைக்கு வாங்கிட்டாங்கன்னு நாலு பேர் பேசுவாங்க. புரியுதா?"

"புரியுது."

"இன்னொண்ணு. அழுவுற பாட்டையே கேட்டுக்கினு இருந்தா நீ அப்படியே ஆய்டுவ. அக்காவப் பாரு. எவ்ளோ தைரியமா இருக்கா. இனிமே போவாத."

முதல் காரணத்தில் அப்பாவின் நேர்மை இருந்தது. அதை அந்த வயதிலேயே மதித்தேன். இரண்டாவது காரணம்தான் எனக்கு விளங்கவில்லை. அழுதால் எனக்குப் பசிக்கிறதே, அது எப்படிக் கெட்டதாகும்? கேட்கத் தைரியம் இல்லை. போவதை நிறுத்தினேன். தண்ணீருக்குப் போகும்போது காலா வாசலில் நின்று கையசைப்பார். நானும் அசைத்துவிட்டு நடப்பேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாசி கடைசியில் ஊர்க்கவுண்டரின் அப்பா இறந்துபோனார். நல்ல சாவு, பழுத்த வயது. மலையில் சாவென்றால் மேளம் உண்டு. காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கூட்டமாக நின்று அடிக்கிற அடி. மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடி, கடைசியில் நிற்கிற தரையே அதிர்ந்தது. ஆண்களும் பெண்களும் வட்டமாக ஆடினார்கள். அழுதுகொண்டே ஆடினார்கள். கீழ்நாட்டிலிருந்து போன எங்களுக்கு அது புதுசு. அப்பா சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதைக்கு நின்றார். அம்மாவும் நாங்கள் இருவரும் பெண்கள் பக்கம் நின்றோம்.

அக்காவின் கால்தான் முதலில் ஆரம்பித்தது. சந்தையில் போட்ட மாதிரியே தாளம் போட்டாள். மேளம் வேகம் எடுக்க எடுக்க அவள் என் கையை விட்டாள். நான் திரும்புவதற்குள் வட்டத்துக்குள் போய்விட்டாள். பாவாடை சுழல, பின்னல் அவிழ, எங்களுக்குத் தெரியாத வேறு யாரோ மாதிரி ஆடினாள். அப்பாவின் முகம் கறுத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை இழுத்துவரப் போனார்.

ஊர்க்கவுண்டர் அப்பாவின் தோளைத் தொட்டு நிறுத்தினார். தன் அப்பாவின் சாவு நடந்துகொண்டிருக்கிற இடத்தில் அவருக்கு எங்களைப் பார்க்க நேரம் இருந்தது.

"வுடுங்க கார்டய்யா. அந்தப் பொண்ணுக்குள்ள இன்னா துக்கமோ. ஆடிட்டு வரட்டும்."

அப்பா நின்றார். அக்கா ஆடிக்கொண்டே போய், கால் மடங்கி, மண்ணில் உட்கார்ந்து, "தம்பீ" என்று கத்தினாள். ஒரே ஒரு வார்த்தை. மறுபடி அதையே கத்தினாள். அடைமழைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. அம்மா ஓடிப்போய் அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மலைப்பெண்கள் அவர்கள் இருவரையும் சுற்றி நின்றுகொண்டார்கள். மேளம் நிற்கவில்லை. அப்பா தொப்பியை விரல்களால் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. தேறிவிட்டாள் என்று அவர் நினைத்த பெண் அவள்.

மறுநாள் மத்தியானம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "வா. அந்தம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

சண்டை போடப் போகிறாளோ என்று பயந்துகொண்டே போனேன். அம்மா வாசலில் நின்று, "இவ ஒரு பாட்ட முனகினா. அத எப்பப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

"அது அவங்க இஷ்டம்மா. நாம உக்காந்திருக்கணும், அவ்ளோதான்" என்றார் காலா. பாயை விரித்தார்.

உட்கார்ந்தோம். செய்திகள் வந்தன. விவசாயிகளுக்கு எரு போடுவதைப் பற்றி ஒருவர் நிதானமாகப் பேசினார். நடுவில் கரகரவென்று காற்றுச் சத்தம். அம்மா சும்மா இருக்கத் தெரியாதவள். காலாவின் அரிசித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு நெல் பொறுக்க ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு பாட்டு வந்தது. நான் முனகியது இல்லை, வேறு. ஒரு ஆண் குரல். ஆனால் அதே மாதிரி அவசரமில்லாமல் இறங்குகிற பாட்டு. அம்மாவின் விரல்கள் தட்டில் மெதுவாகி, நின்றுவிட்டன. தலையைக் குனிந்துகொண்டாள். அரிசியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. காலா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களப் பாத்தா எப்பவும் சிரிச்சிக்கினே இருக்கீங்க. இந்தப் பாட்ட எப்படிக் கேக்குறீங்க?" என்றாள்.

"அழுவுற வேலைய அதுங்ககிட்ட குடுத்துட்டேம்மா" என்று ரேடியோவைக் காட்டினார் காலா. "அதான் எனக்கு மிச்ச நேரம் ஃப்ரீ."

அம்மா சிரித்துவிட்டாள். அழுத மூக்கோடு, சத்தமாக. மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அழுத அரிசியை என்ன செய்வது என்று அம்மா கேட்க, உப்பு போட வேண்டிய வேலை மிச்சம் என்று காலா சொல்ல, இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

சாயங்காலம் அப்பா வந்து, வாசலில் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த பட்டித் துணியை அவிழ்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள். "நான்தான் கூட்டிக்கினு போனேன். நாளைக்கும் போவேன்."

அப்பா பட்டித் துணியைச் சுருட்டி வைத்தார். "நான் அங்க வர முடியாது. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"அப்ப கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லு. நம்ம வாசல் வரைக்கும் கேக்கட்டும். காத்துல வர்றத வாங்கிட்டேன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது."

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குப் பாட்டு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் காலா குமிழை முழுக்கத் திருகுவார். பலா மரத்துக் கம்பி வழியாக வந்து, களத்தைத் தாண்டி, எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது சொற்கள் தேய்ந்து ராகம் மட்டும் மிஞ்சும். அப்பா கத்தி தீட்டுவார், லாந்தருக்குத் திரி நறுக்குவார், முகத்தை மட்டும் எங்களுக்குக் காட்டாமல் காட்டுப் பக்கம் வைத்துக்கொள்வார். அக்காவுக்கு மெதுவான பாட்டு வந்தால் பொறுக்காது, எழுந்து உள்ளே போய்விடுவாள். துள்ளல் பாட்டு வந்தால் ஓடிவருவாள். அப்போது அப்பாவே அவளைக் கூப்பிடுவார். "ஏய், உன்னுது வருது, வா." ஒருநாள் இரண்டு பாட்டுக்கும் நடுவில் அப்பா தாமாகவே, "அவனுக்கு ரெண்டு பல்லு வந்திருந்துது" என்றார். "மூணு" என்றாள் அம்மா. அப்பா தலையாட்டி ஒத்துக்கொண்டார். பேசினால் தாங்காது என்று சொன்னவர் தாங்கினார்.

பங்குனியில் ஒரு சிக்கல் வந்தது. கடுக்காய் மூட்டைக்கடியில் லாரி டிரைவர் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத் துண்டுகளை ஒளித்து ஏற்றியிருந்தான். அப்பா லாரியை மறித்து, எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, இலாகாவுக்கு எழுதிவிட்டார். சாயபுக்கு அது தெரிந்து நடந்ததா தெரியாமல் நடந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் சொன்னார். ஆனாலும் அபராதம் அவர் தலையில்தான். அன்று சாயங்காலம் நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். இனி அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது. அப்பாகூடக் கையில் வேலை எதுவும் எடுக்கவில்லை.

வழக்கமான நேரத்துக்கு ரேடியோ பாடியது. அதே சத்தம், கொஞ்சமும் குறையாமல்.

மறுநாள் அம்மா தயங்கித் தயங்கிப் போனாள். காலா பாயை விரித்தபடி சொன்னாராம், "அது அவங்க வேலை. இது நம்ம பாட்டு. அதுக்கும் இதுக்கும் இன்னா?" அம்மா வந்து சொன்னபோது அப்பா, "பெரிய மனசு" என்றார். யாரையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இழுவைப் பாட்டுக்காரர்களிடம் பொறுப்பைக் கொடுக்காதே என்று சொல்வதை அதோடு விட்டுவிட்டார்.

கோடை மழை விழுவதற்கு முன்பே அவர்கள் கிளம்பினார்கள். காலாவுக்கு இருமல் நின்று கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. போகும்போது என் தலையில் கைவைத்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அப்பா வழியனுப்ப வந்து தள்ளியே நின்றார். லாரி நகரும்போது தொப்பியை எடுத்தார். அதன்பிறகு நாங்கள் காலாவைப் பார்க்கவில்லை. பலா மரத்தில் ஒரு முழக் கம்பி மட்டும் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ பொறி செய்ய எடுத்துப்போனார்கள்.

அக்காவைச் செங்கத்தில் கொடுத்தோம். அவளுக்கு வாழ்க்கை லேசாக அமையவில்லை. அத்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவள் வீட்டில் குத்துப் பாட்டாக ஒலிக்கும். புருஷன் இப்படிக் கிடக்கும்போது இவளுக்குப் பாட்டு கேட்கிறதா என்று தெருவில் பேசினார்கள். நான் போகும்போதெல்லாம் சத்தத்தை இன்னும் கூட்டிவைப்பேன். அவள் சப்பாத்தி மாவை அந்தத் தாளத்துக்கு அடித்துப் பிசைவாள். அவள் எப்படி அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. எனக்கோ நேர்மாறு. சாவகாசமான, அடித்தொண்டைப் பாட்டுகள்தான் இன்றைக்கும். ஆனால் என்னைத் தெரிந்தவர்கள், கலகலப்பான ஆள் என்றுதான் சொல்வார்கள். பாட்டை வைத்து ஆளைச் சொல்லலாம் என்று அப்பா நினைத்தது தப்பில்லை. எப்படிப் படிப்பது என்பதில்தான் அவர் முதலில் தவறிவிட்டார். நாம் எப்படி இருக்கிறோமோ அந்தப் பாட்டைத்தான் கேட்கிறோம் என்று அவர் நினைத்தார். நமக்கு எது தேவையோ அதைக் கேட்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கெல்லாம் முன்பு, எனக்குப் பதினைந்து வயதில், விசில் அடிக்காமல் போன ஒரே நாளில், அப்பாவைக் கரடி பிறாண்டிவிட்டது. தொண்டை கட்டியிருந்ததாம். தோளில் சதை பிய்ந்து தொங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா பார்த்துவிட்டுச் சுருண்டு விழுந்தாள். அம்மா அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வெந்நீர் வைத்து, கழுவி, துணி கிழித்து இறுக்கிக் கட்டி, டோலியில் ஏற்றி ஒடுகத்தூர் வரை கூடவே நடந்தவள் நான். அப்பா பிழைத்து வந்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆரணிப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளையின் அத்தை அதிகாரமான அம்மாள். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு பாடுமா? ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. நல்லா சந்தோஷமா, கலகலன்னு இருக்கணும். நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்" என்றார்.

எனக்கு அப்படி ஒரு பாட்டு தெரியாது. செங்கத்திலிருந்து வந்திருந்த அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ துள்ளல் பாட்டின் முதல் வரியை எனக்கு எடுத்துக்கொடுக்க வாயசைத்தாள். அம்மா கவலையோடு பார்த்தாள். அப்போது அப்பா நாற்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இது மெதுவான பாட்டுதாங்க பாடும்" என்றார். "கேட்டா கொஞ்சம் அழுகை வர்ற மாதிரி இருக்கும். அத வெச்சிப் பொண்ண எடை போட்றாதீங்க. நான் போட்டுட்டு ஏமாந்துட்டேன். எங்க வூட்ல நாலு பேர்ல தைரியம் ஜாஸ்தி இதுக்குத்தான்."

அத்தை பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதையே பாடச் சொல்லுங்க" என்றார்.

பாடினேன். என் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் நடுங்கவில்லை. அடுத்த வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அப்பாவிடம் அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. நம் காலத்தில் யார் அப்பாவிடம் போய் நன்றி சொன்னோம்? சொன்னால் அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். சொல்லவேண்டும் என்று தோன்றுகிற வயதில் அவர் இல்லை, அம்மா இல்லை, காலா எங்கே என்று விசாரிக்க ஆளும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.